அக்கி எழுதுதல்

அக்கிக்குச் செய்யும் வைத்தியத்தைத் தமிழில் 'எழுதுவது' என்கிறோம். குயவர் காவிக்கல்லை உரைத்துக் கொப்புளங்களின் மேல் பூசி, சில ஊர்களில் சிங்க உருவமும் வரைகிறார். வைரஸை இது தொடுவதில்லை. கொப்புளங்கள் சில வாரங்களில் தாமாகவே உலர்ந்துவிடுவதால் எழுதியவருக்குப் பெயர் வருகிறது. பூந்தமல்லி பக்கத்தில் என் அப்பாவுக்கு எழுதிய பெரியவருக்கும் அப்படியே. இடது மார்பில் பட்டையாக வந்தது ஆறிவிட்டது. 14 மாதங்களாகியும் வலி ஆறவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்து பார்க்கிறவர்கள் சுத்தமான தோலைப் பார்த்து, "அதான் ஆறிடுச்சே" என்கிறார்கள். அப்பா சட்டையைப் போட்டுக்கொள்கிறார். காட்டுவதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை.

சிறுவயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கியிருக்கிறது. சைரன்ஸெஸ்டர் என்ற ஆங்கிலச் சிற்றூரின் குடும்ப டாக்டர் ஹோப்-ஸிம்ப்ஸன், தன் நோயாளிகளைப் பதினாறு வருஷம் கவனித்து 1965ல் அக்கியின் மூலம் இதுவே என்று வாதிட்டார். வைரஸை அடக்கி வைப்பவை டி செல்கள். வயதாக ஆக அவற்றின் ஞாபகம் தளர்கிறது. வைரஸ் பெருகி நரம்பு வழியே தோலுக்கு இறங்குகிறது. எதிர்ப்புச் செல்கள் தாமதமாகத் திரண்டு வரும்போது, அந்த அழற்சியில் நரம்பும் சேதப்படுகிறது. எஞ்சிய இழைகள் காரணமில்லாமல் சமிக்ஞை அனுப்புகின்றன. தண்டுவடமும் அவற்றைப் பெரிதாக்கிக் கேட்கப் பழகிவிடுகிறது. பனியன் உரசினால் தீ. ஞாபகம் என்பதை இங்கே உருவகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எதிர்ப்பியலில் அது கலைச்சொல்.

அக்கியின் கோளாறு நரம்பு முடிச்சில் இருப்பதைக் காம்ப்பெல்லுடன் சேர்ந்து 1900ல் நிறுவிய ஹென்றி ஹெட், கொப்புளங்கள் வந்த இடங்களை வைத்தே எந்த நரம்புக்கு எந்தத் தோல் என்று வரைபடம் போட்டார். 1919ல் கவிதைத் தொகுதியும் வெளியிட்டார். எனக்கு அந்த வரைபடம் போதும். நம் கவிதைகளில் வலி ஏராளமாகக் கிடக்கிறது. எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று கேட்டால் கவிஞருக்குக் கோபம் வரும். அப்பாவைக் கேட்டால் விரல் வைத்துக் காட்டுவார். "ராத்திரி ரெண்டு மணிக்கு. வெல்டிங் பொறி சட்டைக்குள்ள விழுந்த மாதிரி. ஆனா அணைய மாட்டேங்குதுடா."

கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்குவது நல்லது என்கிறார்கள். ஐம்பது தாண்டியவர்களுக்கான ஷிங்ரிக்ஸ் தடுப்பூசி 2023ல் இந்தியாவுக்கு வந்தது. இரண்டு ஊசி, டி செல்களுக்குப் பழைய பாடத்தை மறுபடி படிப்பிப்பது அதன் வேலை. கெட்டுப்போன நரம்பை அது சீர்செய்யாது. அம்மாவுக்குப் போட வேண்டும்.

அப்பாவுக்கு இப்போது இரவில் அமிட்ரிப்டிலின், குறைந்த அளவில். அது மனச்சோர்வுக்கான மாத்திரை என்று மருந்துக்கடைப் பையன் சொல்லிவிட்டான். "எனக்கு மனசுல ஒண்ணும் இல்லையே" என்று இரண்டு நாள் தொடவில்லை. தண்டுவடத்தில் வலியை அது மட்டுப்படுத்தும் என்று படம் போட்டுக் காட்டினேன். இப்போது நாலு மணிவரை தூங்குகிறார், ஃபேன் காற்று படாமல் சுவர்ப்பக்கம் திரும்பி.