இரவைப் பார்ப்பவர் யார்?

மறதி நோயாளி ஒருவருக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது குடும்பத்தாரிடம் மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்றைக் கேட்பேன்: "ராத்திரியில பக்கத்துல படுக்கிறது யாரு?" உடனே பதில் வராது. வந்திருப்பவர் அனேகமாக மகனாக இருப்பார். கொழும்பிலோ கட்டுகஸ்தோட்டையிலோ வேலை செய்பவர். ஸ்கேன் படம், கிளினிக் கொப்பி, குளிசைப் பை எல்லாம் அவர் கையில் இருக்கும். இரவு மட்டும் வேறொருவர் பொறுப்பில் இருக்கும். அந்த வேறொருவரைக் கண்டுபிடிப்பதுதான் என் தொழிலில் நான் கற்றுக்கொண்ட முக்கியமான வேலை.

கண்டியில் அரச ஆஸ்பத்திரி ஒன்றின் மருத்துவ வார்டிலும், பிறகு மனநல கிளினிக்கிலும் தாதியாக இருந்தேன். வார்டில் துண்டு வெட்டுவது அவசரத்தில் நடக்கிற காரியம். காலை ரவுண்ட் முடியும்போதே அந்தக் கட்டிலுக்கு அடுத்த ஆள் வாசலில் நிற்பார். குடும்பத்தாருக்கோ கலஹா பஸ்ஸையோ தெல்தோட்டை பஸ்ஸையோ பிடிக்க வேண்டும். சீனி வருத்தக்காரருக்கு என்றால் எந்தக் குளிசை, எத்தனை மணிக்கு, அடுத்த கிளினிக் எப்போது என்று சொல்லி அனுப்பிவிடலாம். டிமென்ஷியாவுக்கு அது போதாது. நோயாளியால் தன் கதையைத் தானே சொல்ல முடியாத நோய் இது. யாராவது அவருக்காகப் பார்த்து, அவருக்காகச் சொல்ல வேண்டும்.

முதியவர்கள் மறதிக்காக வார்டுக்கு வருவது அரிது. விழுந்து அடிபட்டு வருவார்கள். சிறுநீரில் கிருமி, நெஞ்சுச் சளி, இரத்தத்தில் உப்பு குறைவு என்று வருவார்கள். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க மிஸ்ஸி, திடீர்னு ஆளே மாறிட்டாங்க" என்பார்கள் வீட்டார். ஓரிரு நாளில் இப்படி மாறுவதை டெலிரியம் என்கிறோம். கிருமிக்கு மருந்து கொடுத்து, தண்ணீர் ஏற்றி, மலச்சிக்கலைச் சரிசெய்தால் நாளாவட்டத்தில் அது தணியும். வயதானவர்களுக்கு வாரக்கணக்கும் ஆகலாம். அதற்கு அடியில் வருடக்கணக்காக மெல்ல வளர்ந்திருக்கும் மறதி அப்படியே இருக்கும். இரண்டையும் ஒன்றென்று நினைக்கும் குடும்பம், குழப்பம் தெளிந்ததும் நோய் முழுவதும் தீர்ந்துவிட்டதாக எண்ணிச் சந்தோஷமாக வீட்டுக்குப் போகும். அப்போதே உட்காரவைத்து விளக்கிவிட வேண்டும்.

கலஹா வீதியிலுள்ள தோட்டமொன்றிலிருந்து வந்த ஒரு பாட்டியின் குடும்பத்தைச் சொன்னால் இது விளங்கும். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விபரங்களை மாற்றியிருக்கிறேன். வாழ்நாள் முழுவதும் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். விடியுமுன் எழும்பி, இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு, காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பியிருக்கிறார். லயத்து வாசலுக்குக் கீழே கானில் விழுந்துவிட்டார். மணிக்கட்டில் முறிவு, சிறுநீரில் கிருமி. மகன் கொழும்பில் கடையில் வேலை. மகள் குவைத்தில். மருமகள் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறவர். பேத்தி சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறவள்.

குழப்பம் தணிந்தபின் ஞாபகத்தைச் சோதிக்க வேண்டியிருந்தது. உலகம் முழுதும் பழக்கத்திலுள்ள சோதனைகள் பள்ளிக்கூடம் போனவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. இன்று என்ன திகதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, இந்த ஐங்கோணப் படத்தைப் பார்த்து வரை. சிங்களத்தில் அத்தகைய ஒரு சோதனையைச் சரிபார்த்து, அதைக்கொண்டு றாகமையில் வைத்தியர்கள் ஆய்வு நடத்தினார்கள். முதியவர்களில் நூற்றுக்கு 4 பேர் அளவில் டிமென்ஷியா இருப்பதாக 2003இல் வெளியிட்டார்கள். இலங்கைத் தமிழுக்கு வேறொரு சோதனை யாழ்ப்பாணத்தில் சரிபார்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் பேனையே பிடிக்காத கைக்கு ஐங்கோணம் எந்த மொழியிலும் ஐங்கோணம்தான். வைத்தியர் சிங்களவர், பொறுமையானவர். சோதனைத் தாளை ஒருபக்கம் வைத்துவிட்டு, "வேலையைப் பற்றிக் கேளுங்கள்" என்றார் என்னிடம். கேட்டேன். றாத்தல் கணக்கில் கொழுந்து நிறுத்த காலத்தை, எந்த மலையில் எந்தக் கங்காணி நின்றார் என்பதை, அரைப்பேர் போட்டு ஏமாற்றிய கணக்கப்பிள்ளையை எல்லாம் கடகடவென்று சொன்னார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றேன். படுக்கை விரிப்பைத் தடவிக்கொண்டு பேசாமல் இருந்தார். தைரொயிட், பி12, மூளை ஸ்கேன் என்று திருத்தக்கூடிய காரணங்கள் எல்லாம் பார்க்கப்பட்டன. அல்ஷைமர் என்ற முடிவுக்கு வந்து, டொனபெசில் குளிசையை இரவில் ஒன்று என எழுதினார்கள்.

பஸ்ஸில் ஏற்றி இறக்குவது சிரமம் என்பதால் அடுத்த கிளினிக்குகளுக்கு மகன் கொப்பியை மட்டும் கொண்டுவந்தார். "சாப்பிடுறாங்க, தூங்குறாங்க, பரவாயில்ல." அவர் பொய் சொல்லவில்லை. மாதத்தில் இரண்டு இரவு வீட்டில் தங்குபவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். விடியற்காலையிலேயே நம்பர் எடுத்துக் காத்திருக்கும் கூட்டத்தில், ஓர் ஆளுக்குச் சில நிமிடங்கள் ஒதுக்கவே வைத்தியர் திண்டாடுவார். பரவாயில்லை என்று சொல்லப்பட்ட நோயாளிக்கு அதே மருந்து மீண்டும் எழுதப்படும். நோயாளி முன்னால் இல்லாத கிளினிக், கொப்பிக்குப் பார்க்கும் வைத்தியமாகிவிடுகிறது.

இந்த நோயின் சரித்திரத்திலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. 1901இல் பிராங்பேர்ட் மனநல ஆஸ்பத்திரியில் ஆகுஸ்டே டெட்டர் என்ற 51 வயதுப் பெண்ணை அலொய்ஸ் அல்ஷைமர் சந்தித்தார். 1906இல் அந்தப் பெண் இறந்தபின் மூளையை ஆராய்ந்து, அதே ஆண்டு டூபிங்கன் கூட்டத்தில் அறிவித்தார். நுண்ணோக்கியில் கண்டதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கோ அதற்கு முந்திய பக்கங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. கணவன்மேல் காரணமில்லாத சந்தேகம், பொருட்களை இழுத்துத் திரிந்து ஒளித்துவைத்தது, தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று கத்தியது, எல்லாம் வீட்டில் நடந்தவை. ரயில்வேயில் எழுதுவினைஞராக இருந்த அந்தக் கணவர் பார்த்துச் சொல்லாவிட்டால் வைத்தியருக்கு எங்கே தெரிந்திருக்கும்?

மகனிடம் ஒரு வேலை கொடுத்தேன். இரவில் பக்கத்தில் இருப்பவர் யாரோ, அவரை ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். எழும்பின நேரம், என்ன செய்தார், அதற்கு முன்னால் என்ன நடந்தது, எப்படி அடங்கினார். நான்கே விஷயம். அடுத்த மாதம் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி வந்தது. முன்பக்கங்களில் கணக்கு, பின்பக்கங்களில் பாட்டி. பேத்தியின் எழுத்து.

"1.15: கனவு கண்டு கத்தினாங்க. லயத்துக்கு நெருப்பு வச்சிட்டாங்க, ஓடுங்கன்னு சொன்னாங்க. வெளக்கப் போட்டேன். தண்ணி குடுத்தேன்."

"2.40: கதவத் தட்டினாங்க. ஒண்ணுக்குப் போயிட்டாங்க. துணி மாத்தினேன்."

"3.30: பெரட்டுக்குப் போகணும்னு படங்கு தேடினாங்க. அம்மா எழும்பி, இன்னைக்குப் போயா, வேல இல்லன்னு சொன்னாங்க. படுத்துட்டாங்க."

வேறொரு பக்கத்தில், பாட்டி தூங்கட்டும் என்று பக்கத்துக் காம்பரா அக்கா கொடுத்த தடிமன் குளிசை பற்றி இருந்தது. அடுத்த நாள் பகலெல்லாம் மயக்கம், இரவில் கூடுதல் குழப்பம்.

1977இலும் 1983இலும் மலையகத்தில் தமிழர்களுக்கு எதிராக நடந்த வன்முறையை அறிந்தவர்களுக்கு அந்த நெருப்புக் கனவு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது ஏன் இப்போது இரவு தவறாமல் வருகிறது என்று வைத்தியர் யோசித்தார். டொனபெசிலை இரவில் எடுக்கும் சிலருக்குக் கனவுகள் மிகவும் தத்ரூபமாக வரும். குளிசையைக் காலைக்கு மாற்றினார். தடிமன் குளிசையை நிறுத்தச் சொன்னார். குளோர்ஃபெனிரமின் போன்ற பழைய ஒவ்வாமை மருந்துகள், மூளையில் டொனபெசில் எதைக் கூட்டப் பார்க்கிறதோ அதற்கே குறுக்கே நிற்பவை. முதியவர்களை இன்னும் குழப்பும். சிறுநீரை மறுபடி சோதித்தோம். பொழுதுபட்டபின் தேத்தண்ணியைக் குறைத்து, படுக்குமுன் ஒருமுறை வெளியே கூட்டிப்போகச் சொன்னேன். புதிதாக ஒரு மருந்தும் எழுதாமலே அடுத்த மாதத்துப் பக்கங்களில் நெருப்பு அநேகமாக இல்லை.

போயா யோசனை மருமகளுடையது. எந்தப் பாடப்புத்தகமும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெரட்டுக்குப் போகிறேன் என்பவரிடம் "நீங்க ஓய்வுபெற்று இத்தனை வருஷமாச்சு" என்று வாதாடினால் அவர் புதிதாகத் திடுக்கிடுவார், கோபப்படுவார், கதவைத் தள்ளுவார். போயா என்றால் தோட்டத்துக்கே லீவு. அவருடைய உலகத்துக்குள்ளேயே ஒரு நியாயமான பதில். முதியவரை ஏமாற்றலாமா என்று என்னோடு விவாதித்தவர்கள் உண்டு. விடியற்காலை மூன்றரை மணிக்கு, வாசலுக்குக் கீழே கான் இருக்கும் வீட்டில், ஒருவரைப் பயமில்லாமல் திரும்பப் படுக்கவைக்கிற அன்பான சொல்லை நான் ஏமாற்று என்று சொல்லமாட்டேன்.

அந்தக் கொப்பி இன்னொன்றையும் காட்டியது. 1.15, 2.40, 3.30 எல்லாம் ஒரே கையெழுத்து. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை தூங்கவில்லை. மகனைத் தனியாக அழைத்து அதை விரித்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். குவைத்திலிருக்கும் தங்கை அம்மாவுக்காக அனுப்பும் காசில் டின் டின்னாகச் சத்துமா வாங்கிக்கொண்டிருந்தார்கள். பாட்டிக்குச் சோறு இறங்குகிறது, சத்துமா வேண்டியதில்லை. அந்தக் காசில் இரவுக்கு ஓர் ஆள் பிடியுங்கள் என்றேன். லயத்திலேயே ஓய்வுபெற்ற ஓர் அம்மா வாரத்தில் நான்கு இரவு வந்து படுக்கச் சம்மதித்தார். மற்ற இரவுகள் மருமகளுக்கு. மகன் வரும் நாளில் மகனுக்கு. பேத்தியை வேறு காம்பராவில் படுக்கவைத்தார்கள். பராமரிப்பு என்பது பாசம் இருந்தால் தானாக நடக்கும் என்று நம் சமூகம் நினைக்கிறது. அந்தப் பாரம் வீட்டிலேயே இளைய பெண்ணின் தலையில் விழுவதை யாரும் கவனிப்பதில்லை. எனக்கு இதில் கோபம் உண்டு.

பின்தொடர் வைத்தியம் அறுந்துபோக இந்த நாட்டில் காரணங்களுக்குக் குறைவில்லை. 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்துகளைத் தபாலில் வீடுகளுக்கு அனுப்பினார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் லயத்துக் காம்பராக்கள் பலவற்றுக்குத் தனி விலாசம் கிடையாது. தபால் தோட்டத்துக் காரியாலயத்தோடு நின்றுவிடும். அங்கே போய் விசாரிக்கும்படி தொலைபேசியில் சொல்ல வேண்டியிருந்தது. 2022இல் பெட்ரோல் வரிசையும் மருந்துத் தட்டுப்பாடும் சேர்ந்து வந்தன. முச்சக்கர வண்டி கிடைத்தால் குளிசை இல்லை, குளிசை இருந்தால் வண்டி இல்லை. இத்தகைய காலத்தில் திடீரென்று மருந்து நின்றுபோனால் என்ன மாறுகிறது என்று எழுதிவைக்கவும் அதே கொப்பிதான் உதவியது. கண்டியிலிருந்து கொழும்புக்குப் போகக்கூடியவர்களுக்கு 2001இல் தொடங்கிய லங்கா அல்ஷைமர்ஸ் பவுண்டேஷன் இருக்கிறது. நடு இரவில் தவித்துப்போகிறவர்கள் அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். கிளினிக்குக்கு வருபவர்களிடம் இந்த இலக்கத்தைக் கொப்பியின் அட்டையிலேயே எழுதிக்கொடுப்பேன்.

பிந்திய காலத்தில் பாட்டி நடமாட்டம் குறைந்து, இரவும் அமைதியானது. எழுத வேண்டியது சாப்பாட்டுக்கு மாறியது. தண்ணீர் குடிக்கும்போது இருமல் என்று மருமகள் எழுதியிருந்தார். விழுங்கும் தசைகள் மறந்துபோகத் தொடங்கியதன் அடையாளம் அது; கவனிக்காவிட்டால் நெஞ்சுச் சளியில் கொண்டுபோய்விடும். நிமிர்த்தி உட்காரவைத்து, கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, சிறு கரண்டியால் கொடுக்கக் காட்டிக்கொடுத்தோம். மறுபடி வார்டுக்கு வராமலே வீட்டில்தான் காலமானார்.

மருமகளுக்கு இப்போது சொந்தமாக ஒரு கிளினிக் கொப்பி இருக்கிறது: இரத்த அழுத்தம், தூக்கித் தூக்கி வந்த முதுகு நோவு. பாட்டியைப் பார்த்த வருடங்களில் அவருடைய பிரஷரை எவரும் அளந்ததில்லை. இப்போது கிளினிக்கில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்: நோயாளிக்குப் பிரஷர் பார்த்ததும் பட்டியைக் கழற்றிக் கூட வந்தவருக்கும் கட்டுங்கள். வந்தவர் மகன் என்றால், வீட்டில் இருக்கிறவரை அடுத்த தடவை அனுப்பச் சொல்லுங்கள்.