தறிக்குழி மேல விரிச்ச பாய்

ரெண்டு வாரமா எதுவும் எழுதல. ஒரகடத்துல வாடகைக்கு இருந்த மக, மாப்பிள்ளை, பேத்தி மூணு பேரும் காஞ்சிபுரத்துக்குக் குடி போனாங்க. நடவு வேலையும் அதே நேரத்துல சேர்ந்துக்கிச்சு.

மாப்பிள்ளைக்குக் கார் கம்பெனியில கண்ணாடி மாட்டுற வேலை. மகளும் ஒரு கம்பெனியில ஷிப்ட்டுக்குப் போறா. 1998-ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் வெளிய வர ஆரம்பிச்சதுல இருந்து எங்க பக்கத்துக்கே கார் செய்யுற ஊர்னு பேராயிடுச்சு. ஆனா செய்யுறவங்க வீட்டு வாசல்ல பைக்தான் நிக்குது.

கார் இல்லாம ஒரகடத்துல குடும்பம் நடத்துறது லேசு இல்லை. கடைக்குப் போகணும்னா கன்டெய்னர் லாரிங்களுக்கு நடுவுல குழந்தையைப் பிடிச்சிக்கிட்டு ரோட்டைத் தாண்டணும். ஒத்தை ரூமுக்கு ஏழாயிரம், தண்ணிக்குத் தனி. லோன் போட்டுக் கார் எடுங்கன்னு சொல்லாத ஆள் இல்லை. மாப்பிள்ளை கணக்குப் போட்டுப் பார்த்துட்டு, "மாமா, தவணை கட்டுறதுக்கு ஊரையே மாத்திடலாம்"னார்.

பிள்ளையார்பாளையத்துல வீடு கிடைச்சுது. ரெண்டு ரூம், பின்னாடி கிணறு, வாடகை நாலாயிரத்து ஐந்நூறு. கம்பெனி பஸ் மெயின் ரோட்டுக்கே வருது. பள்ளிக்கூடம், மார்க்கெட் எல்லாம் நடக்குற தூரம். சாதாரண டவுன் பஸ்ல 2021-ல இருந்து பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லை. மெட்ராஸுக்கு ரயில் இருக்கு. கைலாசநாதர் கோயில் பொடிநடைதான். ராஜசிம்ம பல்லவன் கட்டி 1,300 வருஷம் ஆகுது. தூண்ல இருக்குற சிங்கத்துக்கெல்லாம் பேத்தி பேர் வெச்சிட்டா.

சாமான் இறக்குறப்ப பார்த்தேன், முன் ரூம்ல ஒரு இடத்துல மட்டும் தரை புது சிமெண்ட்டா இருந்துச்சு. வீட்டுக்காரப் பெரியவரைக் கேட்டேன்.

"தறிக்குழிங்க. நாப்பது வருஷம் காலைத் தொங்கப்போட்டு உக்காந்த இடம். போன வருஷம்தான் மூடினேன்."

கோர்வைப் புடவையில கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். ரெண்டையும் நெய்யும்போதே இழைக்கு இழை கோர்க்கணும். அதுக்குத் தறியில ரெண்டு ஆள் வேணும். கூட உக்காந்த பையன் ஒரகடத்துக்கு வேலைக்குப் போயிட்டான். "மாசம் பொறந்தா சம்பளம் வருதுங்க. நான் என்ன சொல்லித் தடுக்குறது? உங்க மாப்பிள்ளை ஏர்ற பஸ்லதான் அவனும் போறான்."

எனக்குப் பேச்சு வரல. வாடகை ஏன் குறைவுன்னு அப்பதான் புரிஞ்சுது. களத்து மேட்டுல ரூம் கட்டி வாடகைக்கு விடுறவங்களை நான் இங்க எத்தனையோ தடவை திட்டி எழுதியிருக்கேன். அன்னிக்கு ராத்திரி தறிக்குழி மேல பேத்திக்குப் பாய் விரிச்சது நான்தான்.

மறுநாள் மக கேட்டா: "அப்பா, நாங்க ரெண்டு பேரும் ஷிப்ட்டுக்குப் போனா பாப்பாவை யார் பார்க்குறது? நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு அம்மாவோட இங்கயே வந்துடுங்க." ஒரகடத்துல இருந்த வரைக்கும் எங்க வீட்டுலதான் விட்டுட்டுப் போவா.

ஒண்ணே கால் ஏக்கர்தான். ஆனா நானும் விட்டுட்டா, அந்தப் பெரியவர் சிமெண்ட் போட்ட மாதிரிதானே?

சிட்டியில வாடகை கட்ட முடியாம, அமைதியா, கலையோட இருக்குற ஊர் தேடுறவங்க தாராளமா காஞ்சிபுரம் வாங்க. கார் வேணாம். ஆனா கல்யாணப் புடவை எடுக்குறப்ப கைத்தறியான்னு கேளுங்க, நெசவாளர் கூட்டுறவு சங்கத்துல வாங்குங்க. அங்க இன்னும் மூடாத குழிங்க இருக்கு.

எங்க வீட்டுல இப்போதைக்கு ஒரு ஏற்பாடு. வீட்டுக்காரம்மா திங்கக்கிழமை அங்க போறா. நான் தை அறுவடை வரைக்கும் இங்க. ஞாயித்துக்கிழமை ஆனா கீரையும் முட்டையும் எடுத்துக்கிட்டு வாலாஜாபாத் வழியா போற பஸ்ஸைப் பிடிச்சிடுவேன். அறுவடைக்கு அப்புறம் என்னன்னு இன்னும் முடிவு பண்ணல.