மண்டபம் வரை ஒரு பிரயாணம்

எங்கள் சீமையில் பிள்ளை பெற்றவர்கள் இரண்டை நம்பித்தான் வாழ்ந்தார்கள். ஒன்று மழை, மற்றது மணியார்டர். மழை ஏமாற்றிய வருஷங்களில் மணியார்டர்தான் அடுப்பை எரிய வைத்தது. அருப்புக்கோட்டையில் தறியிலோ மில்லிலோ வேலை கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் பையன் பட்டாளத்துக்குப் போவான். என் தாய்மாமன் அப்படிப் போனவர்தான். திருச்சுழிக்கு அருகே எங்கள் கிராமத்துக் கண்மாய் வெடித்துக் கிடந்த ஒரு கோடையில் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தார். சுபேதாராக ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். எழுபதைத் தாண்டிய பிறகும் அவர் முதுகு வளையவில்லை.

பட்டாளத்துக் கதை சொல்வதில் மாமாவுக்கு இணை கிடையாது. வெலிங்டன் குளிரையும், காஷ்மீரத்துப் பனியையும் கேட்டால் நமக்கே உடம்பு நடுங்கும். ஆனால் 1987-க்குப் பிறகு வரும் மூன்று வருஷங்களின் கதை மட்டும் வராது. பேச்சு அந்த இடத்தை நெருங்கினால் வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிடுவார்.

அப்படிப்பட்டவர் போன பங்குனியில் ஒரு நாள், "மாப்பிள்ளை, காரை எடு. மண்டபம் வரைக்கும் போய் வருவோம்" என்றார்.

"ராமேசுவரத்துக்கா மாமா?"

"சாமி பார்க்க இல்லை."

குண்டாற்றில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. நரிக்குடி, பார்த்திபனூர் என்று போகப் போக இருபுறமும் சீமைக் கருவேலம். அங்கங்கே கரிமூட்டத்தின் புகை. களங்களில் சிவக்கச் சிவக்க மிளகாய் வற்றல். பரமக்குடியில் காப்பி சாப்பிட்டோம். ராமநாதபுரம் தாண்டியதும் காற்றில் உப்பு வாடை அடித்தது.

உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டில் 'பருந்து' என்ற நல்ல தமிழ்ப் பெயர் சூட்டினார்கள். அந்தப் பக்கம் வந்தபோது மாமா சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். சிரிப்பு வந்தது எனக்கு. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அங்கேதான் வாய் திறந்தார்.

1987 ஜூலை 29-இல் கொழும்பில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அமைதி காக்கப் போன படை, அக்டோபரில் யுத்தம் செய்யும் படையாகிவிட்டது. 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் திருகோணமலையை விட்டுப் புறப்படுவதற்குள் நம் வீரர்கள் சுமார் 1,200 பேர் உயிர் இழந்திருந்தார்கள். அந்நாட்டு மக்கள் இழந்தது வேறு கணக்கு. திரும்பி வந்த படையை வரவேற்கச் சென்னைத் துறைமுகத்துக்கு அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. இவை நாம் படித்துத் தெரிந்துகொண்ட சங்கதிகள். மாமா சொன்னது வேறு.

"யாழ்ப்பாணத்துப் பக்கம் ஒரு வீட்டைச் சோதனை போட்டோம். மற்றவர்களெல்லாம் வடக்கத்திப் பையன்கள். அவர்களுக்குக் கேட்டது வெறும் அழுகைச் சத்தம். எனக்கு வார்த்தை கேட்டது மாப்பிள்ளை. நம் அப்பத்தா வயதில் ஒரு கிழவி. என் முகத்தைப் பார்த்து, 'தம்பி, நீங்கள் தமிழோ?' என்று கேட்டாள்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"'நஹீ' என்றேன்."

காரின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

மண்டபத்தில் நிலம் ஒடுங்கி இருபுறமும் கடல் வந்துவிடுகிறது. கடலோரக் காவல் படையின் முகாம் ஒன்று இருக்கிறது. இன்னொரு முகாமும் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம் ஜனங்களை நிறுத்தி வைத்து வைத்திய சோதனை செய்து அனுப்பிய இடம் அது. 1983-க்குப் பிறகு அங்கிருந்து தப்பி வந்த ஜனங்களுக்குத் தங்குமிடமாயிற்று. 2022-இல் அங்கே அரிசிக்கும் பாலுக்கும் பஞ்சம் வந்தபோது படகேறி வந்தவர்களையும் இங்கேதான் வைத்தார்கள். போனவர்களுக்கும் வந்தவர்களுக்கும் ஒரே வாசல்!

மாமா உள்ளே போக முயலவில்லை. எதிரே இருந்த டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தார். டீ ஆற்றியவளுக்கு ஐம்பது வயது இருக்கும். பேச்சு அக்கரைப் பேச்சு.

"ஐயா எந்த இடம்?" என்று கேட்டாள்.

"திருச்சுழிப் பக்கம் அம்மா." கொஞ்சம் நிறுத்தி, "உங்கள் ஊரிலும் இருந்திருக்கிறேன்" என்றார்.

"எப்ப இருந்தனீங்கள்?"

"எண்பத்தேழில். பட்டாளத்தில்."

அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு டீயை ஆற்றி, தம்ளரைப் பெஞ்சின்மேல் வைத்தாள். அவர் கையில் கொடுக்கவில்லை. மாமா சூட்டோடு குடித்து முடித்தார். நூறு ரூபாய் நோட்டை நீட்டி, "மீதி வேண்டாம் அம்மா" என்றார். அவள் ஒன்றும் சொல்லாமல் மீதிச் சில்லறையை எண்ணி, ஒரு ரூபாய் குறையாமல் பெஞ்சில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கதை எழுதுகிறவனுக்கு இந்த இடத்தில் கை துறுதுறுக்கிறது. அவளை அழ வைக்கலாம். 'போகட்டும் ஐயா' என்று சொல்ல வைக்கலாம். நடந்தது இவ்வளவுதான்.

கொழும்புக்கு அருகே, நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில், மாண்ட நம் வீரர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி நிறுத்தியிருக்கிறார்கள். உயிரோடு திரும்பியவர்கள் எதைச் சுமந்து வந்தார்கள் என்பதை வெட்ட எந்தக் கல் இருக்கிறது?

திரும்பும்போது இருட்டிவிட்டது. பார்த்திபனூர் வரை மாமா பேசவில்லை. தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"பதில் சொல்லியாச்சு மாப்பிள்ளை" என்றார் திடீரென்று. "ஆள்தான் மாறிப்போச்சு."

மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.