முப்பது குரலுக்கு ஒரு தூதன்

ஒரு மருத்துவமனையின் 30 வெளி இணைப்புகளும் ஒரே நொடியில் செத்துப்போனால் முப்பதும் பழுது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் பழுதானது ஒன்றுதான்.

பி.பி.எக்ஸ். இணைப்பகத்துக்கு வரும் ஈ-1 இணைப்பின் வேகம் நொடிக்கு 2.048 மெகாபிட். அதில் 32 துண்டுகள். பி.ஆர்.ஐ. முறையில் 0-ஆவது துண்டு இரு முனைகளையும் ஒத்திசைய வைக்கும். 16-ஆவது துண்டான டி சேனல், யார் யாரை அழைக்கிறார் என்ற சேதியைச் சுமக்கும். மற்ற முப்பதில்தான் குரல் போகும். டி சேனல் விழுந்தால் உள் எண்கள் தங்களுக்குள் பேசும். வெளியிலிருந்து ஆம்புலன்ஸ் கேட்பவரின் அழைப்பு மட்டும் உள்ளே வராது.

உடனே கார்டை மாற்றுவது பலரின் பழக்கம். கீழிருந்து மேலே போவதே சரி. முதலில் கம்பி. சிக்னலே வரவில்லையா, அல்லது நாம் அனுப்புவது எதிர்முனைக்குப் போகவில்லையா என்று அலாரமே பிரித்துச் சொல்லும். அடுத்தது கடிகாரம். 'ஸ்லிப்' எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், இணைப்பகம் தொலைபேசி நிறுவனத்தின் கடிகாரத்தைப் பின்பற்றவில்லை என்று சந்தேகிக்கலாம். மூன்றாவது, கியூ.921 அடுக்கு. இங்கிருந்து 'எஸ்.ஏ.பி.எம்.இ.' போனால் அங்கிருந்து 'யு.ஏ.' திரும்ப வேண்டும். இரு பக்கமும் தன்னை 'நெட்வொர்க்' என்று அமைத்துக்கொண்டால் இந்தக் கைகுலுக்கல் நடக்கவே நடக்காது.

கம்பி எதிர்முனையிடம் கைமாறும் இடத்தில் ஒரு லூப் போட்டுப் பார்த்தால் போதும். அலாரம் அணைந்தால் நம் பக்கக் கம்பியும் கார்டும் பெரும்பாலும் சரி. "உங்கள் பக்கம்தான்" என்ற சண்டை அங்கேயே முடியும்; பழுது பார்க்கும் வேலை தொடங்கும்.