கல்லாவில் ஒரு நாற்காலி

எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முதலாளி, நிற்பவர் வேலையாள். ஜவுளிக் கடையில் துணி விரித்துக் காட்டியே வயதானவன் நான். கல்லாவில் ஒரே ஒரு நாற்காலி இருக்கும். மற்ற எல்லோரும் கடை திறந்ததிலிருந்து சாத்துகிற வரை நிற்க வேண்டியதுதான். ஈ ஓட்டுகிற மார்கழி மாதத்து மதியத்தில்கூட உட்காரக் கூடாது. உள்ளே வருகிறவர் என்ன நினைப்பார் என்பார்கள். நிற்பதுதான் மரியாதை என்று பழகிவிட்டோம். அந்த மரியாதைக்கான விலையைக் கெண்டைக்கால்தான் கொடுக்கிறது.

ஜவுளிக் கடை என்றில்லை. எங்கள் நீடாமங்கலத்தில் நிற்காமல் நடக்கிற பிழைப்புகள் குறைவு. சேற்றில் குனிந்து நாற்று நடுகிற பெண்கள், கொள்முதல் நிலையத்தில் மூட்டை பிடிக்கிறவர்கள், ரயிலடியில் சரக்கு வண்டிக்கு நெல் ஏற்றுகிறவர்கள், பரோட்டா மாஸ்டர், முடிதிருத்துகிறவர், கரும்பலகை முன்னால் காலம் கழித்த வாத்தியார். இவர்களில் நாற்பது, ஐம்பது தாண்டியவர்களின் காலைப் பாருங்கள். பலருக்கு முழங்காலுக்குக் கீழே பச்சையாக நெளிந்து புடைத்திருக்கும். ஊரில் நரம்பு சுருட்டல் என்பார்கள், ஆஸ்பத்திரியில் வெரிகோஸ் வெயின். தைலம் போட்டு நன்றாக நீவிவிட்டால் நேராகிவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஆகாது. புடைத்திருப்பது ரத்தக்குழாய்.

பாதம் வரை இறங்கிய ரத்தம் திரும்ப இதயத்துக்கு ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைத்தசை இறுகித் தளர்ந்து அதை மேலே தள்ளுகிறது. ஏறியது இறங்கிவிடாமல் பிடிக்கக் குழாய்க்குள் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. ஆயில் இன்ஜின் வைத்து இறைத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: ஃபுட்வால்வு கசிந்தால் இழுத்த தண்ணீர் பைப்பில் தங்காது, கீழேயே போய்விடும். காலிலும் அப்படித்தான். வால்வு கெட்ட இடத்தில் ரத்தம் தேங்கி, குழாயின் சுவர் விரிந்து, நெளிந்து வெளியே தெரிகிறது. அசையாமல் நின்றால் தசை வேலை செய்யாது, தேக்கம் இன்னும் கூடும்.

எல்லாப் பழியையும் நிற்பதன் மேல் போடுவதும் நியாயமில்லை. ஒரே மேஜைக்குப் பின்னால் ஒரே காலம் நின்ற இருவரில் ஒருவருக்கு வரும், மற்றவருக்கு வராது. தாய் தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். பிள்ளைப்பேறு, வயது, உடல் பருமன் எல்லாம் சேரும்.

சாயங்காலமானால் கால் கனப்பதும், கணுக்காலில் சாக்ஸ் தடம் பதிவதும், ராத்திரியில் கெண்டை இழுப்பதும் ஆரம்பம். இந்தக் கட்டத்தில் யாரும் டாக்டரிடம் போவதில்லை. பிறகு கணுக்காலின் உள்பக்கம் தோல் கறுத்து அரிக்கும். சொறிந்த இடம் புண்ணாகும். சர்க்கரைப் புண் என்று வீட்டிலேயே முடிவுகட்டி, மஞ்சள் வைத்துக் கட்டி, வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். தேக்கம் தீராமல் மேலே என்ன பூசினாலும் புண் ஆறுவது கஷ்டம், ஆறினாலும் திரும்ப வரும்.

கத்திக்குப் பயந்து தள்ளிப்போடுவது இன்று நேற்று வந்ததல்ல. ரோமானியத் தளபதி மாரியஸ், தன்னைக் கட்டிப்போடாமலே ஒரு காலின் நரம்பு சுருட்டலை அறுக்கக் கொடுத்தவர், அடுத்த காலை நீட்ட மறுத்துவிட்டதாகப் புளூடார்க் எழுதியிருக்கிறார். மாரியஸ் காலத்து வலி இப்போது இல்லை. டாப்ளர் ஸ்கேனில் எந்த வால்வு கசிகிறது என்று பார்த்து, ஊசித் துளை வழியாக லேசர் சூட்டினாலோ ரேடியோ அலைச் சூட்டினாலோ அந்தக் குழாயை மூடிவிடுகிறார்கள். நுரை மருந்து செலுத்தி மூடுவதும் உண்டு. பெரும்பாலும் அன்றே நடந்து வீட்டுக்கு வரலாம். குழாயை மூடினால் ரத்தம் எந்த வழியாகப் போகும் என்று எல்லோரும் கேட்பார்கள். கால் ரத்தத்தில் பெரும்பங்கை ஏற்றுவது ஆழத்தில் இருக்கும் குழாய்கள், அதனால் கவலை இல்லை. வேறோர் இடத்தில் மறுபடி புடைக்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புண் வந்தவர்கள் காத்திருக்கவே கூடாது. இங்கிலாந்தில் 450 பேரை வைத்து நடந்த எவ்ரா ஆய்வு 2018இல் வெளிவந்தது. எல்லோருக்கும் இறுக்கக் கட்டு போட்டார்கள். குழாயையும் சீக்கிரமே மூடியவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளில் புண் ஆறியது. தள்ளிப்போட்டவர்களில் பாதிப் பேருக்கு ஆற 82 நாள் ஆனது. நமக்குத் திருவாரூரிலும் தஞ்சாவூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டலாம்.

இறுக்கமான காலுறை வலியையும் வீக்கத்தையும் குறைக்கும், வால்வைச் சரிசெய்யாது. காலையில் எழுந்ததுமே மாட்ட வேண்டும். கத்திரி வெயிலில் அதை மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போய்ப் பார்த்தால்தான் அந்த அருமை தெரியும். சர்க்கரை உள்ளவர்கள் காலுக்கு ரத்தம் சரியாக வருகிறதா என்று டாக்டரிடம் பார்த்துக்கொள்ளாமல் மாட்டக் கூடாது. ராத்திரி கால்மாட்டில் தலையணை வைத்துக் காலை உயர்த்திப் படுக்கலாம். நிற்கிற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கலாம், அதற்கு எந்த முதலாளியும் சம்பளம் பிடிக்க மாட்டார். புடைத்த இடம் உடைந்து ரத்தம் பீறிட்டால் நாற்காலியில் உட்காரவைக்காதீர்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்தி, உடைந்த இடத்தையே துணியால் அழுத்திப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும்.

கேரளத்தில் ஜவுளிக் கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடினார்கள். அவர்களைத் திரட்டியவர்களில் ஒருவரான கோழிக்கோட்டு விஜி ஒரு தையல்காரர். 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில், 1947ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லோருக்கும் இருக்கை தர வேண்டும் என்கிறது அது. நான் போகிற சில கடைகளில் ஸ்டூல் வந்திருக்கிறது. அதன் மேல் பிரிக்காத துணிக்கட்டு இருக்கிறது. புடவை எடுக்கப் போனால் கட்டை நானே இறக்கி வைத்துவிட்டு, "உக்காந்தே காட்டும்மா, புடவை எங்கயும் ஓடிடாது" என்கிறேன், மேற்பார்வையாளர் காதில் விழுகிற மாதிரி.