கேட்டு வாங்கிய உடம்பு

என்னுடைய வலது மார்பு இடதைவிட ஒரு விரற்கடை மேலே இருக்கிறது. கையைத் தூக்கினால் வித்தியாசம் இன்னும் கூடும். படுத்தால் இடது பக்கவாட்டில் சரியும், எல்லோருக்கும் சரிவதைப்போல. வலது வைத்த இடத்திலேயே நிற்கும். தொட்டால் பச்சைக் கொய்யா மாதிரி இருக்கும்.

2022 நவம்பரில் இரண்டு பக்கமும் சிலிக்கான் வைத்துக்கொண்டேன். இரண்டும் சமமாக வேண்டும் என்பதற்காகத்தான் வைத்துக்கொண்டேன். பதினாலு வயதில் வலது பக்கம் வளர்ந்தது, இடது பக்கம் பாதியில் நின்றுவிட்டது. பள்ளி முழுக்கக் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு போனேன், வேலைக்குச் சேர்ந்ததும் பேட். மழையில் நனைந்தால் பேட் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும், அந்தப் பயத்திலேயே ஐப்பசி கார்த்திகை எல்லாம் போகும். ஏலச்சீட்டில் தள்ளி எடுத்த பணம், கம்பெனி போனஸ், ஒரு வளையல். இடதில் 300 சிசி, வலதில் 200 சிசி. இது ஆசையா தேவையா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது. ரெண்டும்தான்.

முதல் மூன்று மாதம் எதையும் சொல்ல முடியாது, அது உண்மை. வீக்கம் ஒரே வேகத்தில் வடியாது. எந்தக் கையை அதிகம் புழங்குகிறோமோ அந்தப் பக்கம் தாமதமாகலாம். புதிதாக வைத்தது முதலில் மேலே ஏறி நிற்கும், பிறகு மெதுவாக இறங்கி அமரும், சிலருக்கு ஆறு மாதம்கூட ஆகும். "செட்டில் ஆயிடும் மேடம்" என்று கிளினிக்கில் போன் எடுக்கிற பெண் சொன்னபோது அது பொய்யில்லை. ஏழாவது மாதம் அதையே சொன்னாள். ஒன்பதாவது மாதமும் சொன்னாள். டாக்டரைப் பார்க்கத் தேதி கேட்டால் வாட்ஸப்பில் போட்டோ அனுப்பச் சொன்னாள். கிளினிக் நகரத்தின் இன்னொரு மூலையில், நல்ல ஏசி, மீன்தொட்டி எல்லாம் உண்டு. பெயர் வேண்டாம்.

உடம்புக்குள் வெளிப்பொருள் எது போனாலும் உடம்பு அதைச் சுற்றி ஒரு ஜவ்வுப் பை கட்டும். முள் ஏறினாலும் கட்டும், பேஸ்மேக்கர் வைத்தாலும் கட்டும். அது நோய் இல்லை. சிலருக்கு மட்டும் அந்தப் பை இறுகத் தொடங்குகிறது. உள்ளே இருப்பதைப் பிடித்து நெருக்கி, உருண்டையாக்கி, மேலே தள்ளுகிறது. வெளியே தெரியாத சிறு தொற்று, உள்ளே தேங்கிய ரத்தம் என்று காரணம் சொல்கிறார்கள். ஒரே நாள், ஒரே கத்தி, ஒரே கை, ஆனால் ஒரு பக்கம் மட்டும் ஏன் என்று கேட்டால் பல நேரம் பதில் இருக்காது. இந்த இறுக்கத்துக்கு நாலு நிலை உண்டு, பேக்கர் அளவு என்று பெயர். ஒன்று, மெத்தென்று இருக்கும். இரண்டு, கொஞ்சம் கெட்டி, பார்த்தால் தெரியாது. மூன்று, கெட்டி, பார்த்தாலும் தெரியும். நாலு, வலிக்கும். நான் மூன்று.

இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொல்ல ஒரு வார்த்தைகூட இல்லை. டாக்டருக்கு பிரெஸ்ட். அம்மாவுக்கு "அது". குட்டி ரேவதி 2002இல் தன் கவிதைத் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்ததற்கே எவ்வளவு வசவு வாங்கினார் என்று நமக்குத் தெரியும். டெய்லர் அக்காவுக்கு கப்பு. உண்மையில் முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். திருவொற்றியூர் தேரடிப் பக்கம் கடை. ஜாக்கெட் அளவெடுக்கும்போது டேப்பை ரெண்டு தடவை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஒரு பக்கம் ஏறிக்கீது?" என்றார். நான் முழித்தேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. முப்பது வருஷமாக ஊர்ப் பெண்களை அளக்கிறவர். "யாருக்கும் ரெண்டும் ஒண்ணா இருக்காது, நான்தான் டாட்டுல சரிபண்ணி அனுப்புறேன், அவங்களுக்கே தெரியாது" என்று மட்டும் சொன்னார். என்னுடையதற்கு டாட் போதாது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. வலதுக்குத் தனியாக ஒரு பேப்பர் கட்டிங் போட்டு என் பெயரை எழுதி வைத்திருக்கிறார்.

அம்மாவிடம் சொன்னேன். "யார் பாக்கப் போறா? நீயா கேட்டு வாங்கிக்கினதுதானே?"

அம்மா கெட்டவள் இல்லை. இதைச் சொல்லாதவர் யார் என்றுதான் எண்ணிப் பார்க்க வேண்டும். கிளினிக்கில் வேறு மொழியில் சொன்னார்கள்: கன்சென்ட் ஃபார்மில் எல்லாம் இருக்கு மேடம், நீங்க சைன் பண்ணியிருக்கீங்க. தோழி சொன்னாள்: முன்னாடி நல்லாத்தானே இருந்தே? கேட்டு வாங்கியவளுக்குக் குறை சொல்லும் உரிமை கிடையாது என்று ஒரு சட்டம் எழுதாமலே நடக்கிறது. உடம்புக்கு நோய் வந்து அறுத்தால் பாவம். அழகு வேண்டும் என்று அறுத்தால், நல்லா வேணும்.

அப்பாவின் கையை வைத்துத்தான் இதை யோசிக்க ஆரம்பித்தேன். நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு பட்டறையில் பவர் பிரஸ் அவர் வலது கையில் இறங்கியது. ராயபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், ஸ்டான்லிக்கு. மணலியிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் துணியில் சுற்றிய கையோடு வருகிறவர்களுக்கு அதுதான் இடம். டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கே கை அறுவைக்கென்றே ஒரு துறையைக் கட்டி எழுப்பினார், நாடு முழுக்க அதற்குப் பெயர் உண்டு. அப்பாவுக்கு ஒரு விரல் போனது, ஆள்காட்டி விரல் பிழைத்தது, ஆனால் கோணலாக. எங்கள் தெருவில் இப்படிக் கைகள் நிறைய. டீக்கடையில் கிளாஸ் பிடிக்கிற விதத்தைப் பார்த்தே எந்த மெஷின் என்று சொல்லிவிடுவார்கள். அப்பா அந்த விரலுக்காக நாலு தடவை திரும்பப் போனார், மடங்கவில்லை, மறுபடி பாருங்கள் என்று. கார்டு பிடிக்காமல் கையை விட்டது நீதானே என்று யாரும் அவரிடம் கேட்டதாக நினைவில்லை. விரல் மடங்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை.

அதே ஸ்டான்லியில்தான் 2018 பிப்ரவரியில் மார்பக அழகுச் சிகிச்சைக்கென்று இலவசப் பிரிவு தொடங்கினார்கள். அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் சி. விஜயபாஸ்கர் தொடங்கிவைத்தார். வசதி இருப்பவர்களுக்குக் கிடைப்பது ஏழைக்கும் ஏன் கிடைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. உயிர் காக்கப் போக வேண்டிய பணம் இது என்று எதிர்ப்பும் வந்தது. வெளிநாட்டுப் பத்திரிகைகள்வரை எழுதின. எங்கள் பக்கம் ஷேர் ஆட்டோவில் அதை வைத்து அடித்த ஜோக்குகளை நான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே போயிருக்கிறேன், பேடை சரிசெய்துகொண்டு. எதிர்த்தவர்கள் சொன்னதில் அர்த்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். டெங்கு சீசனில் அங்கே தரையில் படுத்திருப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் விரலும் மார்பும் ஒரே துறையின் வேலை, ஒரே மாதிரி நூல், ஒரே மாதிரி ஊசி. ஒன்றுக்கு மட்டும் ஏன் சிரிப்பு வருகிறது என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

பிறகு நீ ஏன் அங்கே போகவில்லை என்றால், சித்தி அங்கே வேலை பார்க்கிறாள். ஓ.பி. சீட்டு எழுதுமுன் செய்தி தண்டையார்பேட்டையைத் தாண்டியிருக்கும்.

சிலிக்கான் வந்த கதையும் வேடிக்கைதான். 1962இல் ஹூஸ்டனில் ஃபிராங்க் ஜெரோ, தாமஸ் குரோனின் என்ற இரண்டு டாக்டர்கள் முதன்முதலாக வைத்தது டிம்மி ஜீன் லிண்ட்சே என்ற பெண்ணுக்கு. அவர் போனது மார்பில் குத்தியிருந்த பச்சையை அழிக்க. அவருக்கு உண்மையில் சரிசெய்ய ஆசை இருந்தது காதுகளை. இவர்கள் இதைக் கேட்டார்கள், அவர் காதையும் சேர்த்துச் செய்தால் சரி என்றார். கேட்டு வாங்கிய முதல் பெண்ணே கேட்டது வேறு! அமெரிக்க எஃப்.டி.ஏ. 2021 அக்டோபரில்தான், இவை ஆயுளுக்கும் உழைக்கிற பொருள் இல்லை என்று கட்டம் கட்டி எச்சரிக்க வேண்டும், நோயாளியோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. நடுவில் கிட்டத்தட்ட அறுபது வருஷம்.

எங்கள் ஊரில் இதற்கு இன்னும் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. திருவொற்றியூர் கோயிலில் மாசி மாதம் மகிழடி சேவை பார்த்தவர்களுக்குத் தெரியும். சுந்தரர் சங்கிலியாரைக் கல்யாணம் செய்துகொள்ள, உன்னைப் பிரிய மாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். ஆரூர் ஞாபகம் வந்ததும் கிளம்பினார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. பெரிய புராணக் கணக்கில் முழுக்க அவர் செய்த வேலைதான், கேட்டு வாங்கிக்கொண்டது. ஆனால் மனுஷன் வாயை மூடவில்லை. வழியெல்லாம் சிவனோடு சண்டை. வெண்பாக்கத்தில் கண் கேட்டார், ஊன்றுகோல் கிடைத்தது. (பழைய வெண்பாக்கம் இப்போது பூண்டி ஏரிக்குள் இருக்கிறது, நாம் குடிக்கும் தண்ணீருக்கு அடியில்.) காஞ்சிபுரத்தில் இடது கண் மட்டும் வந்தது. ஒன்று வந்ததே போதும் என்று அவர் உட்காரவில்லை. ஒற்றைக் கண்ணோடு ஆரூர்வரை நடந்து, அங்கேயும் பாடிக் கேட்டு, வலது கண்ணையும் வாங்கினார். சின்ன வயதில் இதைக் கேட்கும்போது சங்கிலியாருக்காகக் கோபம் வரும், இப்போதும் வருகிறது. ஆனால் அந்த நடுவழி, காஞ்சிக்கும் ஆரூருக்கும் இடையில் ஒரு பக்கம் மட்டும் சரியாகி நடந்த தூரம், எனக்கு இப்போது வேறு மாதிரி கேட்கிறது. அந்தச் சலுகையை ஆம்பளைக்குத்தான் கொடுப்பார்களா என்றும் தோன்றுகிறது.

நான் வேலை பார்ப்பது ஒரு கன்டெய்னர் யார்டில். காலி கன்டெய்னர் திரும்பி வரும்போது சுற்றிப் பார்த்து ஈஐஆர் போடுவது என் வேலை. எந்தப் பக்கம், எத்தனை சென்டிமீட்டர், உள்வாங்கியதா புடைத்ததா, பழையதா புதுசா, தேதியோடு போட்டோ. நீ ஏன் கப்பலில் போனாய் என்று கன்டெய்னரை யாரும் கேட்பதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் உடம்புக்கும் அதேபோல எழுதினேன். நேராக, சாய்வாக, கை தூக்கி, மூன்று போட்டோ, தலை தெரியாமல். காம்பு மட்டம் இடதுக்கும் வலதுக்கும் எவ்வளவு வித்தியாசம். எந்த மாதத்திலிருந்து கெட்டி. எந்தெந்த தேதியில் போன் செய்தேன், என்ன பதில். கடைசியில் மூன்று கோரிக்கை: ஆபரேஷன் குறிப்பின் நகல், இம்ப்ளான்ட் கார்டு, டாக்டரை நேரில் பார்க்கத் தேதி. அழகாக இல்லை, கஷ்டமாக இருக்கிறது போன்ற வார்த்தை எதையும் போடவில்லை. அழுகை வந்தால் அதற்கு போனில் பதில் சொல்லிவிடுவார்கள். மெயில் போன மூன்றாம் நாள் கார்டு வந்தது. கம்பெனி பெயர், அளவு, சீரியல் நம்பர். என் உடம்புக்குள் இருக்கும் பொருளின் நம்பரைப் பதினோராவது மாதம் முதன்முதலாகப் பார்த்தேன். இதைப் படிப்பவர்களில் யாராவது வைத்துக்கொண்டிருந்தால், அந்த கார்டை ஆபரேஷன் அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். 2019 ஜூலையில் அலர்கன் கம்பெனி, சொரசொரப்பு மேல்தோல் கொண்ட ஒரு வகையை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது, அபூர்வமான ஒரு புற்றுநோயோடு தொடர்பு தெரிந்ததால். தன்னுடையது எந்த வகை என்று தெரியாதவள் அந்தச் செய்தியை வைத்து என்ன செய்வாள்?

கார்டை எடுத்துக்கொண்டு விம்கோ நகரில் மெட்ரோ ஏறி வேறொரு டாக்டரைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும் அம்மா. தொட்டுப் பார்த்துவிட்டு, மசாஜால் இது போகாது என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னார். இறுகிய பையை எடுத்துவிட்டு வலதில் புதுசு வைக்க வேண்டும், இடதைத் தொட வேண்டியதில்லை. மறுபடி இறுகாது என்று உத்தரவாதம் கேட்டேன். தர மாட்டேன் என்றார். இரண்டும் அச்சு அசலாக இருக்குமா? இருக்காது, பிரா போட்டால் தெரியாத அளவுக்குக் கொண்டுவர முயல்வேன். அந்தப் பதிலுக்காகவே அவரை நம்பத் தோன்றியது. வைக்காமலே எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்றும் கேட்டேன். அதுவும் ஒரு வழி, தோல் தொய்யும், இடது பெரிதாகத் தெரியும் என்று தாளில் வரைந்து காட்டினார். ரெண்டு நாள் அதையும் யோசித்தேன். எனக்குச் சமமாகத்தான் வேண்டும். பதினாலு வயதில் வேண்டியதுதான் இப்பவும் வேண்டும்.

பழைய கிளினிக்கிலிருந்து பதில் வந்திருக்கிறது. டாக்டர் ஃபீஸ் வாங்க மாட்டார்களாம், இம்ப்ளான்ட்டும் மயக்க மருந்தும் தியேட்டரும் என் செலவாம். அதே கை மறுபடி வேண்டாம், அந்தத் தொகையைப் பணமாகக் கொடுங்கள் என்று எழுதியிருக்கிறேன். யார்டில் இதற்கு கிளெய்ம் என்று பெயர், ஆறு மாதம் இழுக்கும், பழக்கம்தான்.

அப்பாவுக்கு அம்மா எப்போது சொன்னாள் என்று தெரியாது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடியே, "ஸ்டான்லில காட்னியா?" என்றார். இல்லை என்றேன். "அங்க நல்லா பாப்பாங்க. ஒரு தடவ சரியாவலன்னா மறுபடி போவணும், வுட்றக் கூடாது." ரசம் ஊற்றச் சொன்னார்.

புது டாக்டர் தை மாதம் தேதி கொடுத்திருக்கிறார். சீட்டு அடுத்த ஏலம் மார்கழி பத்தாம் தேதி. இந்தத் தடவை எவ்வளவு தள்ளினாலும் எடுத்துவிட வேண்டும்.