ஃபிரிட்ஜில் தாய்ப்பால்... அத்தை கேட்ட மூன்று கேள்விகள்!

பேறுகால விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது மகளுக்கு ஐந்து மாதம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். காலையில் பம்ப்பில் பாலை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போவேன். பகலில் அத்தை பாலாடையில் புகட்டுவார். இதுதான் ஏற்பாடு.

டாக்டரிடம் கேட்டு, செய்ய வேண்டியதை எல்லாம் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்த அத்தை, "ஏன்னும் சொல்லிடும்மா, அப்பத்தான் மனசுல நிக்கும்" என்றார்.

முதல் கேள்வி: "பால்னா காய்ச்சாம எப்படிக் கொடுக்குறது?"

நாற்பது வருஷமாகப் பால் காய்ச்சிய கை கேட்கத்தானே செய்யும்! மாட்டுப்பாலில் கிருமி இருக்கலாம் என்பதால் காய்ச்சுகிறோம். தாய்ப்பாலைக் காய்ச்சினால் அதிலுள்ள நோய் எதிர்ப்புச் சத்து பாழாகிவிடும். கொதிக்க வைக்க வேண்டியது பாலாடையையும் பம்ப் பாகங்களையும்தான். மைக்ரோவேவும் கூடாது. பால் ஓரிடத்தில் ஆறியும் ஓரிடத்தில் கொதித்தும் இருக்கும், பிள்ளையின் வாய் வெந்துவிடும்.

"பால் பாட்டிலை மூடியபடியே வெதுவெதுப்பான தண்ணீரில் வைங்க, அத்தை. அடுப்பு மேல வேண்டாம்."

"தயிருக்கு உறை ஊத்துவோமே, அந்தச் சூடா?"

அதேதான்! இதைவிடத் தெளிவாக நானும் சொல்லியிருக்க முடியாது. பிறகு மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். சுடவே கூடாது. சூடாக்காமல் கொடுத்தாலும் தவறில்லை. வெதுவெதுப்பு என் மகளுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்வி போனில் வந்தது. "பால் திரிஞ்சு போச்சும்மா. மேல ஒண்ணும் கீழ ஒண்ணுமா நிக்குது. கொட்டிடட்டுமா?"

எனக்குப் பதறிவிட்டது. விடியற்காலையில் எழுந்து, சொட்டுச் சொட்டாகச் சேர்த்த பால் அது. "கொட்டிடாதீங்க அத்தை! கொழுப்பு மேல மிதக்குது. மெதுவா சுழற்றினா கலந்துடும்" என்றேன். புளித்த வாடை வந்தால் மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடச் சொன்னேன்.

மூன்றாவது: "பாதி மிச்சம் வச்சுட்டாளே, அடுத்த வேளைக்கு ஆகுமா?"

பிள்ளையின் எச்சில் பட்ட பாலில் கிருமி பெருகும். குடிக்க ஆரம்பித்து முடித்த இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்கலாம், அதற்குமேல் கூடாது. மீந்ததைக் கொட்ட அத்தைக்கு மனசே வராது. அதனால் 60 மில்லியாகப் பிரித்து வைக்க ஆரம்பித்தேன். போதாவிட்டால் இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம்.

தோழிகள் கேட்பதால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஃபிரிட்ஜில் நான்கு நாள் வரை வைக்கலாம். கதவில் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள். ஃப்ரீசரில் என்றால் ஆறு மாதத்துக்குள் பயன்படுத்துவது நல்லது. உறைந்த பாலை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக்கினால், முழுதாக இளகிய 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். திரும்ப உறைய வைக்கக் கூடாது. வெளியே நான்கு மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரிக்கு உட்பட்ட அறைக்குத்தான். எங்கள் திருச்சி வெயிலுக்கு அது பொருந்தாது. ஆபீஸில் எடுத்த பாலை ஐஸ் பேக் வைத்த பையில்தான் கொண்டுவருவேன். ஒவ்வொன்றிலும் தேதி எழுதி, பழையதை முதலில் எடுக்க வேண்டும்.

ஒருநாள் பாட்டிலைத் தண்ணீரில் வைத்துவிட்டு அத்தை சொன்னார்: "உன் வீட்டுக்காரரை விட்டுட்டு நான் நடவுக்குப் போவேன். பால் கட்டி, ரவிக்கை நனைஞ்சு போகும். இங்க அவரு தண்ணி கலந்த மாட்டுப்பாலைக் குடிச்சுட்டு அழுதுட்டு இருப்பாரு. இப்படி எடுத்து வைக்கலாம்னு அப்ப யாரும் சொல்லலையே!"

வேலைக்குக் கிளம்பும் அம்மாக்களே... பாட்டியோ, கணவரோ, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவோ, யார் கையில் பாலைக் கொடுத்தாலும் என்ன செய்ய வேண்டும் என்பதோடு, ஏன் என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள். காரணம் தெரிந்த கை பாலை வீணாக்காது; கெட்டதைக் கொடுக்கவும் கொடுக்காது.